கொடிக்கம்பியில் ஒரு வானொலி நிலையம்

எங்கள் ஆட்களுக்குத் தொழிற்சாலைப் பெண் என்றால் ஓர் இளக்காரம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்து, மெதடிஸ்ட் சபையின் பாடகர் குழுவில் ஞாயிறு தவறாமல் பாடி, ஐந்தாம் படிவப் பரீட்சையில் கோட்டைவிட்டு, சுங்கை வேயில் மின்னணுச் சில்லு செய்யும் தொழிற்சாலைக்குப் போனவள் நான். "கிளார்க்கு மகள் கடைசியில பெக்டரிக்குப் போகுது பாரு" என்று சபையில் என் காதுபடவே பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை; நானும் தேடவில்லை. அப்பா ஓய்வு பெற்றதும் குவாட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவரும் அம்மாவும் கிள்ளானில் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அங்கே எனக்கும் ஓர் அறை உண்டு என்றார்கள். அறையோடு அண்ணியின் புத்திமதியும் இலவசமாக வரும் என்று தெரியும். நான் சுங்கை வேயிலேயே, என்னைப் போன்ற பெண்களோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் அந்தப் பக்கத்து வரிசை வீடுகளில் பாதி எங்களைப் போன்றவர்களால் நிறைந்திருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவர்கள், மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து வந்தவர்கள், என்னைப்போல் கோபித்துக்கொண்டு வந்தவர்கள். எங்கள் வேலை மைக்ரோஸ்கோப்பில். அதை 'ஸ்கோப்' என்போம். தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டவேண்டும். ஷிப்ட் முழுவதும் குனிந்த தலை நிமிரக் கூடாது. கம்பெனி பஸ் கொண்டுபோய் விடும், கொண்டுவந்து போடும். ஒருத்தி எழும்போது இன்னொருத்தி படுப்பாள்.

வீட்டில் கேசட் பிளேயர் ஒன்றுதான். சண்டை அதனால்தான். கூடத்தில் பாட்டுப் போட்டால் தூங்குகிறவள் கத்துவாள்; நிறுத்தினால் சமைக்கிறவள் கத்துவாள். ஆனால் சின்ன ரேடியோவும் காதில் மாட்டும் வயரும் எல்லாரிடமும் இருந்தன. பாட்டை அந்த ரேடியோக்களுக்கு அனுப்பிவிட்டால் வேண்டியவள் மட்டும் கேட்டுக்கொள்ளலாம். கோலாலம்பூர் பாசார் ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையொன்றில் எப்எம் டிரான்ஸ்மிட்டர் உதிரியாக ஒரு பையில் போட்டு விற்றார்கள். பற்றவைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். கடைக்காரர் என்னைப் பார்த்து, "யாருக்கு, தம்பிக்கா?" என்றார். "எனக்குத்தான் பாஸ்" என்றேன். நாள் முழுக்கத் தங்கக் கம்பி ஒட்டுகிறவளுக்கு ஈயம் ஒட்டத் தெரியாதாமா!

ஒட்டுவது சுலபம். அதை ஒழுங்காகப் பேசவைப்பதுதான் பெரும்பாடு. மின்சார அடாப்டரில் போட்டால் பாட்டுக்குப் பின்னால் மாடு முனகுகிற மாதிரி ஓர் இரைச்சல். பேட்டரிக்கு மாற்றினேன், இரைச்சல் போனது. கேசட்டின் சத்தத்தைக் கூட்டினால் பாட்டு கிழிந்தது. பாதிக்கும் கீழே குறைத்தேன், தெளிந்தது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே அலைவரிசை நழுவியது. பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினேன். யாராவது தொம்மென்று நடந்தால் உள்ளேயிருந்த செம்புச் சுருள் அதிர்ந்து பாட்டும் அதிர்ந்தது; கரண்டு போனால் ஏற்றும் மெழுகுவர்த்தியை உருக்கி அதன்மேல் ஊற்றினேன். அலைவரிசையைத் திருப்பும் திருகு ஒன்று உண்டு. அதை இரும்பு ஸ்குரூடிரைவரால் தொட்டால் ஒரு இடம், எடுத்தால் வேறு இடம். கடைசியில் காஜாங்கில் சத்தே இறைச்சி சாப்பிட்டுவிட்டு எடுத்துவந்த மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவித் திருப்பினேன். நின்றது.

ஏரியல்தான் பாக்கி. பின்கட்டில் துணி காயப்போடும் கம்பி ஒன்று இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நீண்டு கிடந்தது. டின்னிலிருந்து ஒரு வயரை இழுத்து அதில் சுற்றினேன். உதிரிகளோடு வந்த சின்ன மைக்கையும் மாட்டி, பாட்டோடு கூடப் பாடிப் பார்த்தேன். வீட்டுக்குள் கேட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பஸ்ஸில் மூன்று வரிசை தள்ளிக் குடியிருந்தவள் கேட்டாள்: "அக்கா, நேத்து நீங்க கூடவே பாடினீங்களே, அந்தப் பாட்டை இன்னிக்கும் போடுவீங்களா?"

லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நிறுத்த மனம் வரவில்லை. அரசாங்கத் தமிழ் வானொலியில் சாயங்காலம் நேயர் விருப்பம் வரும். அது முடிந்ததும் நானும் அதே பாணியில் ஆரம்பித்தேன். "அடுத்து வரும் பாடலை விரும்பிக் கேட்டவர்கள்: பச்சைக் கேட்டு வீட்டுத் தோழிகள், மூன்றாம் ஷிப்டுக்குப் போகும் சோம்பேறிகள்." சபையில் பழகிய குரல், கொஞ்சம் இழுத்துப் பேசினால் அறிவிப்பாளர் தோற்றுப்போவார். யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது, எல்லாம் அதில் வந்தது. என் ராஜ்ஜியம் ஒரு பத்து நிமிட நடை தூரம்தான். இருந்தாலும் ராஜ்ஜியம்.

எங்கள் வீட்டில் ஜெஞ்சாரோம் என்ற ஊரிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். வீட்டுக்குச் சின்னவள். அவள் அம்மா செம்பனைத் தோட்டத்தில் முதுகில் தொட்டியைச் சுமந்து களைமருந்து அடிப்பவர். மகள் அந்தத் தொட்டியைத் தொடக் கூடாது என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டாராம். மகளுக்கு வேலையில் கை அவ்வளவு சுத்தம். அவள் ஒட்டியதில் பழுது வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் கொஞ்ச நாளாக அவள் பஸ்ஸின் எண்ணைப் பக்கத்தில் வந்த பிறகுதான் படித்தாள். அரிசியில் கல் பொறுக்க என்னைக் கூப்பிட்டாள். ஸ்கோப்பில் உட்கார்ந்து கண் போகிறவளைக் கம்பெனி என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். அவ்வப்போது கண் பரிசோதனை வைக்கும். சுவரில் மாட்டிய அட்டையில் மூன்றாவது வரி தெரியாதவளுக்கு மறுநாள் வேலை இல்லை. கண்ணைக் கெடுத்ததும் அவர்கள்தான், கெட்ட கண்ணை வெளியே தள்ளுவதும் அவர்கள்தான்.

முந்தின தடவை அவளை அட்டையை மனப்பாடம் செய்யவைத்துக் காப்பாற்றினோம். முன்னால் போனவள் எழுத்துகளைப் பார்த்து வந்து சொல்ல, இவள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டாள். அந்தக் குட்டு எப்படியோ உடைந்தது. அடுத்த பரிசோதனைக்கு அட்டையையே மாற்றப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. புது அட்டையில் எழுத்து ஒன்றே ஒன்று, மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி. சீப்பு மேலே, கீழே, இடம், வலம் என்று திரும்பிக் கிடக்கும். தொழிற்சாலைக் கிளினிக்கில் இருக்கும் நர்ஸ், மிஸ்ஸி என்போம், குச்சியால் ஏதாவது ஒன்றைத் தொட்டு, பல் எந்தப் பக்கம் என்று கேட்பார். அதை எவள் மனப்பாடம் செய்ய முடியும்?

"நான் போயிடுறேன்கா. அவங்க அனுப்புறதுக்கு முன்னாடி நானே போயிடுறேன்" என்றாள் அவள். அடுப்படித் தரையில் உட்கார்ந்து பையில் துணியை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. பையைப் பிடுங்கிக் கொட்டினேன்.

"போயி? அம்மா முதுகிலருந்து அந்தத் தொட்டிய வாங்கி உன் முதுகில மாட்டிக்கப் போறியா?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? எனக்குத்தான் கண்ணு தெரியலையே."

"உனக்கு மட்டும் தெரியலன்னா அது உன் தப்பு. எல்லாருக்குமே தெரியலன்னா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. வந்த பிறகு நானே அதைத் திரும்ப ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஸ்கோப்புக்கு ஒருத்தியைப் பழக்கி எடுக்க மாதக்கணக்காகும். அந்தச் சமயம் ஆர்டர் குவிந்து, மேனேஜர் ஓவர்டைம் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மூன்று ஷிப்டும் சேர்ந்து மூன்றாவது வரி தெரியவில்லை என்றால் யாரை அனுப்புவார்? ஒருத்தியின் கண்ணுக்குள் புகுந்து, அவளுக்குத் தெரிகிறதா இல்லையா என்று எந்த மேனேஜராலும் பார்த்துவிட முடியாது.

ஆனால் மூன்று ஷிப்டுக்கும் எப்படிச் சொல்வது? லைனில் பேச்சுக்குத் தடை. சாப்பாட்டு நேரமும் ஆளுக்கொரு நேரம். வீட்டில் கூட்டம் போடலாம் என்றால், எங்கள் சூப்பர்வைசர் பின்சந்துக்கு அந்தப் பக்கத்து வரிசையில்தான் குடியிருந்தார். தமிழர்தான். சாயங்காலம் நடை போகிறேன் என்று கிளம்பி, பெண்கள் இருக்கும் வீட்டு வாசல்களில் கிடக்கும் செருப்பைப் பார்த்துக்கொண்டே போவார். வழக்கத்தை விட நாலு ஜோடி கூடுதலாகக் கிடந்தால் போதும், மறுநாள் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, "நேத்து என்னம்மா விசேஷம்?" என்பார். நம்மவர்கள் செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் போவோமா? அவருக்கு அது போதும்.

ரேடியோவுக்குச் செருப்பு கிடையாது.

பரிசோதனை வாரத்துக்கு முந்தின சாயங்காலம். என் நிலையத்தைத் தேடிக் கேட்கும் வீடுகள் சிலதான். அவர்கள் காதில் போட்டால் அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்வார்கள் என்பது திட்டம். நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தேன், அந்த நேரத்தில்தான் எல்லாரும் ரேடியோ பக்கத்தில் இருப்பார்கள், நடுநடுவே என் பக்கமும் திருப்பிப் பார்ப்பார்கள். மைக்கை வாயருகே வைத்துக்கொண்டேன்.

"அடுத்து வரும் பாடலை விரும்பிக் கேட்பவர்கள்: காலை ஷிப்ட் சகோதரிகள், மதிய ஷிப்ட் சகோதரிகள், இரவு ஷிப்ட் சகோதரிகள். இவர்கள் எல்லாருக்கும் ஒரு குறை. முதல் இரண்டு வரி நன்றாகத் தெரிகிறதாம். மூன்றாவது வரியில் மட்டும் சீப்புக்குப் பல் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். கேட்டால், தெரியவில்லை என்று மட்டும் சொல்வார்களாம். அவர்கள் கண்களுக்காக இந்தப் பாடல்."

சரிபார்க்க அடுப்படியில் ஒரு ரேடியோவை எங்கள் அலைவரிசைக்குத் திருப்பி வைத்திருந்தேன். அதில் வெறும் இரைச்சல். பேட்டரி போய்விட்டது என்று நினைத்தேன். டின்னைத் திறந்து பார்த்து, வயரை அசைத்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அடுப்படி ரேடியோ வாயே திறக்கவில்லை. ஆனால் ஜன்னல் வழியாக யாரோ பேசுவது கேட்டது. என் குரல். எதிர் வரிசையிலிருந்து என் குரல், பக்கத்து வீட்டிலிருந்து என் குரல், பின்சந்துக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் வீட்டுக் கூடத்திலிருந்தும் கணீரென்று என் குரல். நேயர் விருப்பத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தேன்.

பின்கட்டுக்கு ஓடினேன். கொடிக்கம்பி தாழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஜெஞ்சாரோம்காரி என் மேல் இருந்த நன்றியில், வீட்டிலுள்ள எல்லாருடைய யூனிபார்மையும் துவைத்து, சொட்டச் சொட்ட அதில் போட்டிருந்தாள். ஏரியலின்மேல் அவ்வளவு ஈரத்துணியைப் போட்டால் அலைவரிசை நகராமல் என்ன செய்யும்? நகர்ந்த நகர்வில் நேராகப் போய் அரசாங்க வானொலியின் மடியில் விழுந்திருந்தது. தூரத்து நிலையத்தை விடப் பக்கத்து டின்னின் குரல் ரேடியோவுக்குப் பெரிது. அவள் கையில் ஈரப் பாவாடையோடு நின்று, "என்னாச்சுக்கா?" என்றாள்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். துணியை உருவிப் போட்டுவிட்டு, டின்னை மூடிக்கொண்டு படுத்திருக்கலாம். நான் உள்ளே போய் மூன்றாவது தடவையும் சொன்னேன். நனைந்தவளுக்குக் கூதல் என்ன, குளிர் என்ன! இந்தத் தடவை இன்னும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் எங்கள் பின்கட்டுக் கேட்டுக்கு வந்துவிட்டார்.

"நேத்து ரேடியோவில உன் குரல் மாதிரி ஒண்ணு கேட்டுச்சே."

"அப்படியா அண்ணே? நல்லா இருந்துச்சா?" தொழிற்சாலையில்தான் அவர் எனக்கு சார். அதன் கேட்டுக்கு வெளியே அண்ணன்தான்.

"விளையாடாதே. லைசென்ஸ் இல்லாம இதெல்லாம் செஞ்சா உள்ள தூக்கிப் போட்டுடுவான், தெரியும்லா?"

"என் குரல்தான்னு நிச்சயமாத் தெரிஞ்சா போய்ச் சொல்லுங்க. நானும் நீங்க வாசல் வாசலாப் போயி பொம்பளைங்க செருப்பை எண்ணுறதைச் சொல்றேன்."

அவர் முகம் போன போக்கை என்னவென்று சொல்ல! அதற்குள் பின்சந்துப் பக்கமிருந்து அவர் மனைவி எட்டிப்பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "ஏம்மா, பாட்டு போடுறேன் போடுறேன்னு மூணு வாட்டி சொன்னியே, கடைசிவரைக்கும் போடவே இல்லையே?" பரபரப்பில் பாட்டைப் போட மறந்தது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவர் மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டு நடந்தார்.

போலீசுக்குப் போகவில்லை, மேனேஜரிடம் போனார். அன்றே எங்களை நிறுத்திவைத்துப் பேசினார்கள். கண் விஷயத்தில் பொய் சொல்கிறவளைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, பொய் சொன்னால் மூன்று தலைமுறைக்கும் எந்த பெக்டரியிலும் வேலை கிடைக்காது என்றார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டோம். ஸ்கோப்பில் பழகிய தலை, குனிவது சிரமமில்லை.

அதனால் என்ன விளைந்தது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். புரட்சி ஒன்றும் வெடிக்கவில்லை. மூன்று ஷிப்டிலும் மூன்றாவது வரியைப் பார்த்தவள் ஒருத்திகூட இல்லை. மேனேஜர் ஒரு வாரம் குதித்தார். ஆர்டரை முடிக்க வேறு ஆள் இல்லை என்று தெரிந்ததும் இறங்கிவந்தார். வெளியிலிருந்து கண் டாக்டரை அழைத்தார்கள். ஸ்கோப்புகளுக்குப் புது விளக்கு வந்தது. நடுநடுவே எழுந்து நிற்க நேரம் கொடுத்தார்கள். நிஜமாகவே முடியாதவர்களைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஜெஞ்சாரோம்காரியும் பேக்கிங்குக்குத்தான் போனாள், தோட்டத்துக்கு அல்ல. கல்யாணமாகிப் போகும்வரை அங்கேதான் இருந்தாள். அம்மாவின் தொட்டியை அவள் கடைசிவரை தொடவில்லை.

நான் சொல்ல வந்தது என் முறை வந்த கதை.

கிளினிக் வாசலில் வரிசை நீண்டு நின்றது. உள்ளே போன ஒவ்வொருத்தியும் "தெரியல மிஸ்ஸி" என்று சொல்வது வெளியே கேட்டது. ஒருத்தி அழுகிற மாதிரி சொன்னாள், ஒருத்தி பாடுகிற மாதிரி சொன்னாள். ஜெஞ்சாரோம்காரி எனக்கு முன்னால் போய்விட்டு, நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தாள். நான் உள்ளே போனேன். மிஸ்ஸி குச்சியோடு அட்டை அருகில் நின்றார். சூப்பர்வைசர் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இவளை நல்லாப் பாருங்க மிஸ்ஸி. இவதான் எல்லாத்துக்கும் தலை. இவளுக்குக் கழுகுக் கண்ணு."

எனக்கு அதில் பெருமைதான். அந்த லைனில் என்னை விட வேகமாகக் கம்பி ஒட்டியவள் கிடையாது. முதல் வரியைச் சொன்னேன். இரண்டாவது வரியைச் சொன்னேன். மிஸ்ஸியின் குச்சி மூன்றாவது வரிக்கு இறங்கி ஒரு சீப்பைத் தொட்டது. பொய்யைச் சொல்வதற்கு முன்னால், எந்தப் பக்கம் என்று எனக்காக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

அங்கே பல் இல்லை. சீப்பும் இல்லை. மூட்டைப்பூச்சி நசுங்கிய மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு கறை. கண்ணைச் சுருக்கினேன். கறை கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். பஸ்ஸின் எண்ணை நானும் பக்கத்தில் வந்த பிறகுதான் படித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இருட்டிவிட்டது, மழை, தூக்கம் என்று ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு காரணம் இருந்தது.

பயம் வரவில்லை. வந்தது கோபம்தான். கட்டிக்கொண்டுவந்த பொய்யைக்கூட என்னிடம் விட்டுவைக்காமல் எடுத்துக்கொண்டுவிட்டார்களே என்ற கோபம்.

"தெரியல மிஸ்ஸி" என்றேன். குரல் கிளினிக் சுவரில் மோதித் திரும்பியது. "சத்தியமா எனக்குத் தெரியல."

வெளியே வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா என்னமாய் நடிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ஒருத்தி உள்ளே போனாள், அவளும் அதையே சொன்னாள். அவர்களில் எத்தனை பேர் சொன்னது பொய் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் யூனிபார்மை எடுத்து வாளியில் முக்கினேன். அடுத்தவர்களுடையதையும் வாங்கி முக்கினேன். ஜெஞ்சாரோம்காரி, "நான் போடுறேன்கா" என்று ஓடிவந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிழியாமல், சொட்டச் சொட்ட, கொடிக்கம்பி முழுக்க நானே போட்டேன். எதிர்வீட்டு ரேடியோவில் நேயர் விருப்பம் ஆரம்பிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு டின்னைத் திறந்து, மைக்கை எடுத்தேன்.

"அடுத்து வரும் பாடலை விரும்பிக் கேட்பவர் ஒரே ஒருவர்" என்றேன். "அவருக்கு மூன்றாவது வரி நிஜமாகவே தெரியவில்லை."

இந்தத் தடவை பாட்டைப் போட மறக்கவில்லை.